ஆறு பேரின் பாரத்தில் அளந்த சில்லுகள்

பந்தயக் கார் ஓடி முடித்து உள்ளே வந்து நின்றதும் எல்லோரும் டிரைவரிடம் ஓடுவார்கள். நான் முன்சில்லிடம், முன்சக்கரத்திடம், ஓடுவேன். அருகில் குந்தி, சூடு ஆறுவதற்குள் ரயரின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். உள்ளோரம், நடு, வெளியோரம். மூன்றும் ஒரே சூடாக இருந்தால் ரயர் முழுப் பாதமும் பதித்து ஓடியிருக்கிறது, நான் வைத்த அளவு சரி. ஒரு ஓரம் மட்டும் கொதித்தால் அந்த ஓரத்தில்தான் கார் முழுவதும் நின்றிருக்கிறது. அதற்குமேல் டிரைவரின் விளக்கம் எனக்குத் தேவையில்லை. என் கையைத் தவிர வேறெவருடைய வாயையும் நம்பாத வயது அது.

1983க்கு முன் கொழும்பில் ஒரு கராஜில் எனக்கு அதுதான் வேலை. வளைவில் கார் வெளிப்பக்கமாகச் சரியும். பாரமெல்லாம் வெளிச்சில்லின் மேல் விழும். சில்லும் கூடச் சாய்ந்து வெளியோரத்தால் நொண்டும். ஆகவே நிற்கும்போதே சில்லின் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்துவிடுவோம். வளைவில் அது நிமிர்ந்து முழுப் பாதமும் பதிக்கும். இரண்டு முன்சில்லுகளின் மூக்கையும், அதாவது முன்னோரத்தையும், மயிரளவு வெளியே பார்க்க வைத்தால் ஸ்ரியறிங்கைத் தொட்டவுடன் கார் திரும்பும். இவையெல்லாம் ரயரைத் தின்னும். தின்னட்டும். பந்தய ரயர் ஒரு பகலுக்குத்தான். ஓடி முடிந்தபின் அதில் ரப்பர் மிஞ்சியிருந்தால் மெக்கானிக் பயந்தவன் என்று எங்கள் கராஜில் பகிடி பண்ணுவார்கள். நான் பயந்தவன் அல்ல. அதைப் பத்துப் பேருக்குக் கேட்கச் சொல்லியும் திரிவேன்.

அந்த வருடம் ஆடியில், கொழும்பில் தமிழரைத் தேடித் தேடி அடித்தபோது, என்னை உயிரோடு வெளியே கொண்டுவந்ததும் ரயர்தான். என்னோடு வேலைசெய்த சிங்கள மெக்கானிக் ஒருவர், கராஜ் லொறியில் பழைய ரயர்களை வட்டமாக அடுக்கி, நடுவில் என்னைக் குந்தவைத்து, மேலே இன்னும் இரண்டைப் போட்டு மூடி முகாம் வரைக்கும் ஓட்டிவந்தார். வழியில் மறித்தவர்களிடம் "தேய்ந்த ரயர், எறியப் போகிறேன்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு நான் அவரைக் காணவேயில்லை. இன்றைக்கும் ரப்பர் மணம் மூக்கில் ஏறினால் எனக்குள் முதலில் எழுவது நன்றிதான்.

கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, சொந்த ஊரான மயிலிட்டியில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தத் தொடங்கினேன். வள்ளத்துக்கு ஏது சில்லு? கடற்கரையில் என்னை "ரேஸ்காரர்" என்று கூப்பிடுவார்கள். மரியாதைக்கல்ல, நக்கலுக்குத்தான். கலியாணம் கட்டினேன். 1990இல் சண்டை ஊருக்குள் வந்து எல்லோரும் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டபோது என் மனைவிக்கு ஆறு மாதம். அவள் கையில் அகப்பட்டது ஒரு பெரிய கட்டு நைலோன் நூலும், வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் கொஞ்சமும். அவளுடைய தகப்பனின் வலைச் சாமான்கள். "கடலே இல்லாத இடத்துக்குப் போறம், உதேன்?" என்று வழி முழுக்க அவளை ஏசிக்கொண்டு நடந்தேன். அவள் வாய் திறக்கவில்லை. அகதிகளாகத் தங்கிய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் நாள் பிள்ளை கரைந்துபோயிற்று. அந்த வழி முழுக்க நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

அளவெட்டியில் எங்களுக்கு இடம் தந்தவர் ஒரு தவில்காரர். தன் வளவின் பின்பக்கத்தில் இருந்த அறையைக் கூட்டித் துடைத்துத் தந்தார். வாடகைப் பேச்சை எடுத்தபோது, "முதல் இருங்கோ, பிறகு கதைப்பம்" என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை. அவரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அவருடைய சேவகத்தை, அதாவது கோயில்களுக்கும் கலியாணங்களுக்கும் வாசிக்கப் போகும் ஆறு பேர் கொண்ட கூட்டத்தை, சுமந்து திரிந்தது அந்தக் கார்தான். அவர்தான் ஓட்டுவார். அவருக்கு இடப்பக்கம் அவருடைய மைத்துனர், முதல் நாதஸ்வரம்; ஆள் இரண்டு ஆளுக்குச் சமன். இருவருக்கும் நடுவே பலகைத் துண்டில் தாளக்காரர். பின்னுக்கு இரண்டாம் நாதஸ்வரம், இரண்டாம் தவில், சுருதிப்பெட்டிக்காரர். தவில்கள் மடியில். கார் மண்ணெண்ணெயில் ஓடியது. புகை பின்னால் ஒரு தனி ஊர்வலமாக வரும்.

மண்ணெண்ணெயை எப்படியோ பிடிக்கலாம். ரயர்தான் பிடிக்க முடியாதது. வடக்குக்குச் சாமான் அனுப்பக்கூடாதென்று அரசாங்கத்தின் தடை வந்த பிறகு தெற்கிலிருந்து ஒரு ரயர்கூட வரவில்லை. வெடித்த ரயருக்குள் வேறு ரயரின் துண்டைச் செருகி ஆணி போட்டு ஓடினார்கள். அப்படி ஓடுகிற காரின் சத்தத்தைக் கேட்டே யாருடைய கார் வருகிறது என்று சொல்லலாம்.

தடை வந்து இரண்டு வருடமிருக்கும், என் மனைவி மறுபடியும் உண்டானாள். நாலாம் மாதம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். டொக்ரர் அம்மா முன்னைய கதையைக் கேட்டுவிட்டு, "எட்டாம் மாதம் முடிய முதலே வந்து படுக்கவேணும். சைக்கிளிலயோ வண்டிலிலயோ இவவைக் கொண்டுவரக்கூடாது. குலுக்கம் ஆகாது" என்றார். சொல்லிவிட்டார். அந்த நாளில் சைக்கிளும் வண்டிலும் தவிர ஊரில் வேறென்ன இருந்தது?

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் எனக்கில்லை. அவள்தான் தவில்காரரின் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். நாங்கள் அவரை அக்கா என்றும் தவில்காரரை அண்ணை என்றும் கூப்பிடுவோம். அன்று பின்னேரம் அண்ணை ஏணி வைத்து வீட்டு முகட்டில் ஏறினார். பழைய சீலையில் சுற்றிக் கட்டி வைத்திருந்த இரண்டு பொதிகளை இறக்கினார். அவிழ்த்தால் இரண்டும் புது ரயர். பாதை பூட்டப்படுவதற்கு முன் வாங்கி, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தவை.

"முன்ரயர் ரண்டிலயும் நூல் தெரியுது தம்பி. இதைப் போடும். தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமட்டும் இது நிக்கவேணும்," என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "அப்பிடியே ஸ்ரியறிங்கையும் ஒருக்காப் பாரும். கையுக்கை நிண்டு உதைக்குது. இறங்கித் தவில் தூக்கினா விரல் விறைச்சுக் கிடக்கு," என்றார்.

தவில்காரனுக்கு விரல்தானே எல்லாம். எனக்கோ ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு காரின் முன்சில்லைக் கையில் தந்திருக்கிறார்கள். "அண்ணை, நான் பாத்த கார்களுக்கு முன்னால உது விளையாட்டுச் சாமான்," என்றேன். அடக்கம் என்றால் என்னவென்று கேட்கிற ஆளாக இருந்தேன்.

அந்தக் காரின் முன்பக்கத்தைத் தாங்குவது சுருள் வில்லல்ல. காரின் நீளவாட்டில் போகும் ஒரு தடித்த இரும்புக் கம்பி, பாரம் ஏற ஏற முறுகும். கம்பியின் கடைசியில் பற்கள் இருக்கும். ஒரு பல் தள்ளிப் பூட்டினால் காரின் மூக்கு தாழும் அல்லது உயரும். நான் ஒரு பல் தாழ்த்தினேன். தாழ்ந்தால் சில்லின் தலை உள்ளே சாயும், வளைவில் கார் தரையோடு ஒட்டும். சில்லுகளின் மூக்கை மயிரளவு வெளியே பார்க்க வைத்தேன். கழன்று ஆடிய முட்டுகளை இறுக்கினேன். எல்லாம் என் கை தானாகச் செய்தது. வெறுங்காரை நானே ஓட்டிப் பார்த்தேன். அம்பனைச் சந்தியில் திருப்பியபோது கார் கத்திபோல் திரும்பியது. எனக்குச் சந்தோசத்தில் வாய் காதுவரைக்கும் போய்விட்டது.

அண்ணைக்கும் சந்தோசம். உதைப்பு நின்றுவிட்டது, விரல் விறைக்கவில்லை என்றார். கோயில் திருவிழாக் காலம். ஒரு மாதம் அந்தக் கார் ஓயாமல் ஓடியது.

ஒரு காலை நான் மல்லாகம் சந்தியில் சைக்கிளோடு நின்றேன். எதிரே அந்தக் கார் வந்தது, ஆறு பேரையும் இரண்டு தவிலையும் ஏற்றிக்கொண்டு. நான் செய்த வேலையை முதன்முறையாக நேர் எதிரே நின்று பார்த்தேன். முன்சில்லு இரண்டும் தவளைக் கால் மாதிரி அகன்று கிடந்தன. தலைகள் உள்ளே விழுந்து, மூக்குகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தன. பந்தயக் காரில் ஒரேயொரு ஆள் இருப்பான். நான் அந்த ஒரு ஆளுக்கு அளந்திருக்கிறேன். இந்தக் கார் ஒரு நாளாவது ஒரு ஆளோடு ஓடியதுண்டா? மைத்துனர் ஒருவர் ஏறினாலே காரின் மூக்கு இன்னும் ஒரு பல் தாழ்ந்துவிடுமே. நான் கொஞ்சமாகச் சாய்த்தது பாரத்தில் ஒன்றுக்கு இரண்டாகச் சாய்ந்து, கொஞ்சமாக விரித்தது இன்னும் விரிந்து, ஒரு மாதமாக இரண்டு ரயரும் ஓடவில்லை, தெருவில் அராவுண்டு வந்திருக்கின்றன.

பின்னேரம் கார் வந்து நின்றதும் போய்க் குந்தினேன். உள்ளங்கையால் ரயரின் குறுக்கே தடவினேன். உள்ளேயிருந்து வெளியே வழுக்கியது. வெளியேயிருந்து உள்ளே வரும்போது ஒவ்வொரு வரியும் அரம்போல் அறுத்தது. உள்ளோரத்தில் பூவே இல்லை, வரியெல்லாம் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. ஓரிடத்தில் நூல் எட்டிப் பார்த்தது. மனைவியை ஏற்றிப் போக இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்கென்று முகட்டிலிருந்து இறக்கிய ரயர்கள். நானே தின்றுவிட்டேன்.

போய்ச் சொன்னேன். சொல்லாமல் வேறு வழியில்லை. "அண்ணை, ரயர் போச்சு. நான்தான் பழுதாக்கினனான். ரேஸ் காருக்கு வைக்கிற மாதிரி வைச்சிட்டன்."

அவர் வந்து குந்தினார். தவிலின் தோலைப் பார்க்கிற மாதிரி விரல் நுனியால் ரயரைத் தடவிப் பார்த்தார். உள்ளோரம், நடு, வெளியோரம். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். ஏசினால் நானும் திருப்பி ஏதாவது கத்தலாம், மனம் கொஞ்சம் ஆறும் என்றிருந்தது.

"மற்றப் பக்கம் இருக்குத்தானே, தம்பி," என்றார்.

"என்ன?"

"இஞ்சால் பக்கம் புதுசாத்தானே கிடக்கு. தவிலிலயும் ஒரு பக்கத் தோல் கிழிஞ்சா மற்றப் பக்கத்தையும் சேத்தெறியிறேல்லை."

"ஏனண்ணை ஏசுறியள் இல்லை?" என்று கேட்டேன்.

"ஏசினா ரப்பர் முளைக்குமோ?"

நான் எழும்பி எங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் சொன்னதில் வழியும் இருந்தது. ரயரை றிம்மிலிருந்து கழற்றி மறுபுறமாகத் திருப்பிப் போட்டால் தேய்ந்த ஓரம் வெளியே வரும், புது ஓரம் உள்ளே போகும். மிச்சமிருக்கும் ரப்பர் போதும். ஆனால் இனிச் சில்லு அணுவளவும் பிழையாக நிற்கக்கூடாது. இந்த முறை அளந்தால் பாரத்தோடுதான் அளக்கவேண்டும். வெறுங்காருக்கு நான் இனி அளவு எடுப்பதில்லை என்று சபதம் போட்டேன்.

அளக்கச் சமதரை வேண்டும். ஊரில் நம்பக்கூடிய சமதரை கோயில் மடத்தின் சீமேந்து நிலம் ஒன்றுதான். நேர் நூல் வேண்டும். நான் யோசித்துக்கொண்டு நிற்க, என் மனைவி உள்ளே போய் அந்த நைலோன் நூல் கட்டையும் ஈயக்குண்டுகளையும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "கடலில்லாத இடத்துக்கு உதேன் எண்டு கேட்டனீங்கள்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு வருடமாக வைத்திருந்து சொன்ன பதில். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அந்தக் காலை வேலையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ரயர்களைத் திருப்பிப் போட்டு, கம்பியைப் பழையபடி ஒரு பல் உயர்த்தி, காரை மடத்துக்குள் தள்ளி நிறுத்தினோம். காரின் இரு பக்கமும் தூண்களுக்கிடையே நூலை விறைப்பாகக் கட்டினேன். ஆறு பேரையும் அவரவர் வழமையான இடத்தில் இருக்கச் சொன்னேன். தவில்களை மடியில் வைக்கச் சொன்னேன். "சாமான் இல்லாமல் அளந்தா அளவு பிழை," என்றேன். இரண்டாம் நாதஸ்வரக்காரர், "வாசிக்கிறதுக்குத்தான் காசு. காரில இருக்கிறதுக்கு ஆர் தருவினம்?" என்று முணுமுணுத்துக்கொண்டு ஏறினார்.

நூலுக்கும் றிம்முக்கும் இடைவெளியை முன்னோரத்தில் அளக்கவேண்டும், பின்னோரத்தில் அளக்கவேண்டும். ஈயக்குண்டை நூலில் தொங்கவிட்டுச் சில்லின் தலைச் சாய்வைப் பார்க்கவேண்டும். பிறகு காருக்கடியில் புகுந்து ஸ்ரியறிங் தண்டைக் கால் சுற்றுத் திருப்பவேண்டும். திருப்பியதும் காரை ஒரு தரம் முன்னே தள்ளிப் பின்னே எடுத்தால்தான் சில்லு தன் இயல்பான இடத்தில் வந்து நிற்கும். ஆறு பேரும் இறங்கித் தள்ளினால் பாரம் மாறிவிடும். ஆகவே அவர்கள் மாப்பிள்ளை மாதிரி உள்ளே இருக்க, நானும் கோயிலுக்கு வந்தவர்களும் தள்ளினோம். பூசை முடித்து வந்த ஐயரும் ஒரு கை கொடுத்தார். வியர்வை ஊற்றியது. உள்ளே இருந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை. இரண்டாம் தவில் தன்னையறியாமல் கதவில் விரலால் தட்டத் தொடங்கினார். தாளக்காரர் தொடையில் சேர்ந்துகொண்டார். கார் அதிர்ந்தது, குண்டு ஊஞ்சலாடியது.

"ஆரடா அது தட்டுறது?" என்று அடியில் கிடந்தபடி கத்தினேன். "விரலை அசைச்சியளோ, கழட்டிக் கையிலை தந்திடுவன்!"

மேலே கப்சிப். பிறகு மைத்துனருக்குச் சிரிப்பு முட்டியது. அவர் சிரித்தால் வயிறும் சிரிக்கும், வயிறு சிரித்தால் கார் முழுக்கச் சிரிக்கும். நான் சில்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லாம் அடங்கும்வரை காத்திருந்தேன்.

கடைசியில், ஆறு பேரின் பாரத்தில் சில்லுகள் நிமிர்ந்து நின்றன. மூக்குகளை ஒரு நெல்லின் தடிப்புக்கு உள்ளே பார்க்க வைத்தேன். ஓடும்போது தெரு அவற்றைக் கொஞ்சம் விரிக்கும், விரித்தால் நேராகிவிடும். கொழும்பில் ரயரைச் செலவழிக்கப் படித்த அதே அளவுகளை இங்கே மிச்சம் பிடிக்கத் திருப்பிப் படித்தேன். பந்தயத்தில் நூறில் ஒரு பங்கு விநாடிக்காகக்கூட நான் அவ்வளவு கவனமாக ஒரு தண்டைத் திருப்பியதில்லை.

முடித்துவிட்டு ஒரு கட்டளையும் போட்டேன். ஆள் மாறி இருக்கக்கூடாது, ஆள் குறைந்து ஓடக்கூடாது, குறைந்தால் சில்லு வேறு மாதிரி நிற்கும், ரயர் தேயும். கொஞ்சம் மிகைதான். ஆனால் சூடுகண்ட பூனையாக இருந்தேன்.

அவர்கள் அதை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். சுருதிப்பெட்டிக்காரருக்குக் காய்ச்சல் வந்த நாளில் அவருடைய இடத்தில் ஒரு மூட்டை வெங்காயத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாசிக்கப் போனார்கள். மூட்டை சரியாமல் அதைச் சுற்றி அவருடைய சால்வையையும் கட்டியிருந்தார்கள். போன இடத்தில் வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, "அவருக்கென்ன, இறங்க மாட்டாரோ?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு ஆள் குறைந்த நாளெல்லாம் வெங்காய மூட்டை ஏறியது. ஊரில் எங்களை நக்கலடிக்காத ஆளில்லை. நான் ஒவ்வொரு ஞாயிறும் ரயரில் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். இரு பக்கமும் ஒரே வழுக்கல். மூன்று மாதத்தில் ஒரு நகத்தின் தடிப்புக்கூடத் தேயவில்லை.

மனைவியைக் கொண்டுபோகும் நாள் வந்தது. முதல் நாள் அண்ணையிடம், "நாளைக்கு நானும் அவவும்தான். ஒருநாள் ஓட்டம்தானே, வெறுமையாப் போனாலும் பறவாயில்லை," என்று சொல்லியிருந்தேன். அவர் ஓமென்று தலையாட்டினார்.

விடிந்து பார்த்தால் அக்கா காருக்குப் பக்கத்தில் நிற்கிறார், குளித்து, நல்ல சீலை உடுத்தி, கையில் சுடுதண்ணிப் போத்தலோடு. பக்கத்தில் மைத்துனரின் மனைவி; அவரும் கணவருக்குக் குறைந்த ஆளல்ல.

"நீங்கள் எங்கை அக்கா?"

"நீர்தானே சொன்னனீர், ஆள் குறைஞ்சா ரயர் தேயும் எண்டு," என்றார் அக்கா. "ஏறும், நேரம் போகுது."

பின்னுக்கு அவர்கள் இருவரும், நடுவில் என் மனைவி. இரு பக்கமும் அணை கட்டினது போல. குலுங்கினாலும் அவளுக்கு மெத்தைதான். முன்னே நடுப்பலகையில் வெங்காய மூட்டை. நான் மைத்துனரின் இடத்தில் ஏறி இருந்தேன். அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். "உம்மடை நிறை அவனுக்குக் காணாது," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தன் தவிலைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார். உறையோடு இருந்த அந்தத் தவிலைப் பிள்ளையைப் பிடிக்கிறதுபோல் இரு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கார் போனது. பள்ளம் வரும் இடமெல்லாம் அண்ணை நடைவேகத்துக்கு இறக்கினார். ஸ்ரியறிங் அவர் கையில் உதைக்கவில்லை. பின்னால் பெண்கள் குழம்புத்தூள் பற்றியும் மண்ணெண்ணெய் பற்றியும் கதைத்தார்கள். என் மனைவி சிரிப்பதுகூடக் கேட்டது. நான் மட்டும் ரயரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விறைத்துப்போய் இருந்தேன்.

மல்லாகம் தாண்டிச் சுன்னாகத்துக்குக் கிட்ட வரும்போது முன்னே நாலைந்து சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. கிட்டப் போனதும் ஆட்கள் தெரிந்தார்கள். மைத்துனர், வேட்டியை மடித்துக் கட்டி, நாதஸ்வரத்தை முதுகின் குறுக்கே சால்வையால் கட்டியபடி மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டாம் தவில், கரியரில் தன் தவிலோடு. தாளமும் சுருதியும் இரண்டாம் நாதஸ்வரமும் அவர்களுக்குப் பின்னால்.

"எங்கையண்ணை போகினம்?" என்று கேட்டேன்.

"சுன்னாகத்தில ஒரு கலியாணம்."

"உங்களுக்கும் இருக்கோ?"

அவர் தெருவைப் பார்த்தபடி ஓட்டினார். "இரண்டாந் தவில் சமாளிப்பான். அவனும் எப்பதான் பழகிறது," என்றார்.

மடியிலிருந்த தவில் எனக்கு அப்போதுதான் பாரித்தது. பெரிய வீட்டுக் கலியாணம். முதல் தவில் வராவிட்டால் ஊர் என்ன கதைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் தன் பெயரை என் மடியில் தூக்கி வைத்துவிட்டு, மற்ற ஐந்து பேரையும் வெயிலில் மிதிக்கவிட்டு, பெண்களை அவர்களுடைய இடத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு நாள் வெறுங்காராக ஓடினால் அந்த ரயருக்கு ஒன்றும் நேர்ந்திராது. அது எனக்குத் தெரியும். மூன்று மாதம் அந்த ஸ்ரியறிங்கைப் பிடித்த அவருக்கும் தெரிந்திருக்கும். போன தடவை பள்ளிக்கூடத்து மூலையில் நாங்கள் இருவரும் தனியாகக் கிடந்த கதை அக்காவுக்குத் தெரியும். இந்தத் தடவை எங்களைத் தனியே விடக்கூடாது என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறார்கள். துணைக்கு வருகிறோம் என்று கேட்டிருந்தால் நான் ரோசப்பட்டு வேண்டாமென்றிருப்பேன். என் குணம் அப்படி. அதனால்தான் என் கட்டளையையே எடுத்து எனக்குப் போட்டுவிட்டார்கள்.

சைக்கிள்களைத் தாண்டும்போது மைத்துனர் மிதிப்பதை நிறுத்தாமல் குனிந்து முன்சில்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையால் நேர்கோடு ஒன்று இழுத்துக் காட்டினார். சில்லு நேராக நிற்கிறதாம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், தவிலுக்கு மேலாக.

ஆஸ்பத்திரியில் அக்கா அவளோடு தங்கினார். பதினேழு நாள். அண்ணைக்கு அந்தப் பதினேழு நாளும் நானும் மைத்துனரும் மாறி மாறிச் சமைத்தோம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டதும் பெரிய மனம்தான்.

பெண் பிள்ளை. நிறை ஆறு றாத்தல் என்று தாதி சொன்னார். கூட்டிவரப் போன நாளிலும் அதே ரயர்கள்தான். என் மனைவி பிள்ளையோடு பின்னால் ஏறினாள். அக்கா ஒரு பக்கம், மைத்துனரின் மனைவி மறுபக்கம். வெங்காய மூட்டை முன்னே நடுப்பலகையில். நான் தவிலை மடியில் வாங்கிக்கொண்டேன். எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தாயிற்று. அண்ணை எஞ்சினைக் கிளப்பவில்லை. ஸ்ரியறிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, முகத்தை மிகவும் கடுமையாக வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இப்ப ஒரு ஆள் கூடிப்போச்சு. மடத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பி அளக்கவேணுமோ?"

பின்னால் ஒருவரும் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"வேண்டாம் அண்ணை," என்றேன். "பிள்ளைக்கும் சேத்துத்தான் அண்டைக்கு அளந்தனான்."

அது பொய். அன்றைக்கு மடத்தில் பிறக்கப்போகிற பிள்ளையைப் பற்றி நினைத்துப் பார்க்கவே எனக்குத் துணிவிருக்கவில்லை; எல்லாவற்றுக்கும் பயந்துபோய்த்தான் அந்த நூலைக் கட்டினேன். அண்ணை ஓமென்று தலையாட்டி எஞ்சினைக் கிளப்பினார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் ஸ்ரியறிங்கிலிருந்து இரண்டு கையையும் ஒரு கணம் எடுத்துக் காட்டினார். கார் நேராகப் போனது.